காக்கா ஆழிய நண்டு தின்னு தீர்த்துடுமா? எண்ணூர் ஆத்துல 'இயற்கை எதிரி' கணக்கு

எண்ணூர் ஆத்துல பாய் மாதிரி பரவிக் கிடக்கிற காக்கா ஆழிங்கிற வந்தேறி சிப்பி பிரச்சினை நியூஸ்ல வந்த நாள்லருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது: மெஷின் வச்சு வாரி எடுக்க கோடிக்கணக்குல கொட்டறதுக்கு பதிலா, அத திங்கிற நண்டயோ மீனயோ ஆத்துல விட்டா அதுவே தின்னு தீர்த்துடாதா? கேக்க சிம்பிளா இருக்கு, பாதி சரியும்கூட. வேற ஊர்ல உள்ளூர் உயிரினங்க இந்த மாதிரி வந்தேறி சிப்பிகள அடக்கி வச்சதுக்கு நெஜமாவே உதாரணம் இருக்கு. ஆனா அங்க அது எப்படி நடந்துச்சு, எவ்ளோ காலம் ஆச்சு, எண்ணூர்ல அதே மாதிரி நடக்க என்ன தடைன்னு பாக்காம "நண்டு விடுங்க"ன்னு சொல்றது அரைகுறை வைத்தியம். அடிப்படைல இருந்து போவோம்.

இது என்ன ஆழி, எங்கருந்து வந்துச்சு

காக்கா ஆழின்னு எண்ணூர், பழவேற்காடு மீனவங்க சொல்றது மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டாங்கிற சின்ன கருப்பு ஆழி. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கரைங்க. நம்ம கடல்ல இருக்கிற பச்சை ஆழிக்கு தூரத்து சொந்தம்தான், ஆனா சைஸ்ல சின்னது, பெரும்பாலும் கட்டைவிரல் நீளத்துக்குள்ளயே நின்னுடும், ஓடும் மெலிசு.

சொந்த ஊர விட்டு இது போன வழிய பாத்தா ஒரு ஒத்துமை தெரியும். 1986ல அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல ஜாக்சன்வில்லங்கிற ஊர்ல ஒரு பவர் பிளான்ட் குளிர்விக்க தண்ணி இழுக்கிற இடத்துல கும்பலா மாட்டுச்சு, அடுத்த குளிர்ல செத்துப்போச்சு, 2004ல அதே மாநிலத்துல வேற இடத்துல திரும்ப தலைகாட்டுச்சு. அப்புறம் பத்து வருஷம் கழிச்சு பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்துன்னு வரிசையா. 2019 வாக்குல கேரளாவுல அஷ்டமுடி, கொச்சி காயல்ல இருக்குன்னு ஆராய்ச்சிக் கட்டுரைங்க வந்துச்சு. அஷ்டமுடி சாதாரண எடம் இல்ல, 2014ல இந்தியாவுலயே முதல்முதலா சர்வதேச நிலைத்த மீன்பிடி சர்டிஃபிகேட் வாங்கின மட்டித் தொழில் அங்கதான் நடக்குது. அங்கயே உள்ள பூந்துடுச்சுன்னா பாத்துக்கோங்க.

எல்லாமே துறைமுகம், பெரிய கப்பல், பவர் பிளான்ட் இருக்கிற ஊருங்க. கப்பல்ல சரக்கு இல்லாதப்ப பேலன்ஸுக்கு அடிவயித்துல ரொப்புற கடல் தண்ணிக்கு பேலஸ்ட் தண்ணின்னு பேரு. ஒரு ஊர்ல ரொப்பி இன்னொரு ஊர்ல தொறந்து விடுவாங்க, அதுல கண்ணுக்குத் தெரியாத ஆழி லார்வா, அதாவது ஆழியோட குஞ்சு, லட்சக்கணக்குல பயணம் பண்ணும். கப்பல் அடிப்பக்கத்துல ஒட்டிக்கிட்டும் வரும். இதுக்குன்னே பேலஸ்ட் தண்ணி ஒப்பந்தம் ஒண்ணு 2004ல போட்டு 2017 செப்டம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. எண்ணூர்ல 2001ல இருந்து காமராஜர் துறைமுகம், பக்கத்துலயே காட்டுப்பள்ளி துறைமுகம், ரெண்டுக்கும் தெக்கால கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரம். இந்த ஆழிக்கு இதவிட வாட்டமான எடம் கிடைக்காது.

ஆத்துக்குள்ள அது என்ன பண்ணுது

ஆழிக்கு காலுக்குப் பக்கத்துல இருந்து நூல் மாதிரி நார் வரும், அத வச்சு கல்லுல, கட்டைல, பாலத்து தூண்ல ஒட்டிக்கும். பச்சை ஆழியும் அப்படித்தான், ஆனா அதுக்கு கெட்டியான பிடிமானம் வேணும். காக்கா ஆழி சேத்துலயும் உக்காரும். எப்படின்னா ஒண்ணோட நார் இன்னொண்ணு மேல, அதோடது மூணாவது மேல, இப்படியே பின்னிப் பின்னி சேத்து மேல ஒரு பாய் விரிச்சுடும். அந்தப் பாய கையால கிழிச்சு எடுத்தா கொத்தா வரும், அடியில நாத்தமடிக்கிற கருப்பு சேறு, நடுவுல ஆழியோட கழிவு, செத்த ஓடு, மேல உயிரோட இருக்கிற ஆழி வாய மேல் பக்கம் வச்சு நெருக்கி நிக்கும்.

எறா பகல்ல சேத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கிற ஜீவன், பாய் விரிச்சா அதுக்கு புதைய எடமே இல்ல. ஆத்துல இடுப்பளவு தண்ணில உக்காந்து கையால தடவி எறா பிடிச்சு, வாயில கடிச்சிருக்கிற பறியில போடுற ஆளுங்களுக்கு தொழிலே சேத்த தடவறதுதான், இப்ப தடவினா ஓடு கையக் கிழிக்குது. வலையும் அறுபடுது. மட்டி மேல பாய் மூடினா மட்டியும் மூச்சு முட்டி சாகும். விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனதுக்கு காரணம் இதுதான், யாரோ அழகுக்காக ஆத்த சுத்தம் பண்ணச் சொல்லல.

ஏன் இவ்ளோ பெருகுச்சு

1. சீக்கிரம் வயசுக்கு வரும். ஒன்றே கால் சென்டிமீட்டர் சைஸ் ஆகும்போதே இனப்பெருக்கத்துக்கு ரெடி.

2. உப்புத்தன்மை பத்தி கவலையே இல்ல. கிட்டத்தட்ட நல்ல தண்ணில இருந்து கடல விட உப்பான தண்ணி வரைக்கும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகைல பூண்டி தொறந்து விட்டு வெள்ளம் வந்தா பச்சை ஆழி அவதிப்படும், காக்கா ஆழி ஓட்ட இறுக்கி மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கும்.

3. சூடு தாங்கும். ஃப்ளோரிடாவுல இத ஒரு தடவ துடைச்சுப் போட்டது குளிர்தான். வடசென்னைல மார்கழி குளிர நம்பி எந்த ஆழியும் சாகாது. போதாததுக்கு அனல்மின் நிலையத்து சுடுதண்ணி வேற ஆத்துலயே விழுது.

4. எதிரி இல்ல, அதாவது பழகின எதிரி. சொந்த ஊர்ல இத தின்னு தின்னு அளவா வச்சிருந்த நண்டு, நத்தை, ஒட்டுண்ணி எதுவும் கப்பல்ல கூட ஏறி வரல. சூழலியல்ல இதுக்கு 'எதிரி விடுதலை'ன்னு சொல்வாங்க.

இந்த நாலாவது பாயின்ட்லதான் நம்ம கேள்வி நிக்குது. எதிரி இல்லாததுதான் பிரச்சினைன்னா எதிரிய கொண்டாந்து விடறதுதான தீர்வு? அதுல ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு பேரழிவு.

வெளிய இருந்து எதிரி கொண்டு வந்தா

தென் அமெரிக்காவுல இத திங்கிற நண்ட கொண்டாந்து எண்ணூர்ல விடறதுன்னு யாராவது சொன்னா உடனே எந்திரிச்சு நின்னு எதிர்க்கணும். காரணம் இருக்கு. ஆப்பிரிக்க ராட்சச நத்தைய ஒழிக்கறேன்னு 1974ல பசிபிக் கடல்ல இருக்கிற தஹிதி தீவுக்கும் 1977ல பக்கத்து மோரியாவுக்கும் யூக்ளாண்டினாங்கிற கொலைகார நத்தைய கொண்டு போனாங்க. அது ராட்சச நத்தைய பெருசா கண்டுக்கல, அந்தத் தீவுல மட்டுமே இருந்த பார்டுலா குட்டி நத்தைங்கள தேடித் தேடி தின்னுச்சு, பத்து பதினஞ்சு வருஷத்துக்குள்ள மோரியா காட்டுல பார்டுலாவே இல்லாம போச்சு. ராட்சச நத்தை தெம்பாத்தான் இருந்துச்சு.

அவ்ளோ தூரம் போக வேணாம், கொசு ஒழிக்கறேன்னு சென்னைல கிணத்துலயும் குளத்துலயும் விடற கம்பூசியா மீன் வட அமெரிக்கா சரக்கு, 1928ல இந்தியாவுக்கு வந்துச்சு. கொசுப் புழுவத் திங்கும், கூடவே நம்ம ஊர் மீன் முட்டை, தவளைக் குஞ்சு எல்லாத்தையும் திங்கும். உலகத்துலயே மோசமான நூறு வந்தேறி உயிரினங்க பட்டியல்ல அதுவும் இருக்கு, நாம இன்னமும் பக்கெட்ல கொடுத்துக்கிட்டு இருக்கோம். அது தனிக் கதை.

அதனால பேச வேண்டியது ரெண்டாவது வழி மட்டும்தான்: ஏற்கனவே நம்ம ஆத்துல இருக்கிற உயிரினங்கள பலப்படுத்தி, அது இந்த ஆழிய அடக்குமான்னு பாக்கிறது.

எண்ணூர்ல இத யாரு திங்க முடியும்

ஆழி திங்கிற உள்ளூர் ஜீவன்னு லிஸ்ட் போட்டா நீளமாத்தான் வரும். ஆனா லிஸ்ட்ல இருக்கிற எல்லாரும் எண்ணூர் ஆத்துக்குள்ள வர மாட்டாங்க.

1. நட்சத்திர மீன். ஆழிக்கு எமன். ஆனா உப்பு கொறைஞ்சா சாகும், மழைக்கால வெள்ளம் ஒண்ணு போதும். கடல் பக்கம் மட்டும்தான் உதவும், கழிச்சு விடலாம்.

2. ஓட்டுல ஓட்டை போட்டு கொன்னு திங்கிற நத்தை, முள் சங்கு வகையறா. இதுங்க ஆழி மேல ஏறி உக்காந்து, அமிலம் மாதிரி ஒண்ண சுரந்து ஓட்ட மிருதுவாக்கி, ரம்பம் மாதிரி நாக்கால சுரண்டி, ஓட்டை போட்டு உள்ள இருக்கிற சதைய உறிஞ்சும். ஒரு ஆழிக்கே பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்குல ஆகும். ரொம்ப பொறுமைசாலி. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா ஐரோப்பா பக்கத்து ஆழிங்க கிட்ட வர்ற நத்தைய சுத்தி நார விட்டு கட்டிப் போட்டுடும்னு பதிவு இருக்கு, கட்டுப்பட்ட நத்தை பட்டினி கிடந்தே சாகும். இரைன்னா சும்மா உக்காந்திருக்கும்னு நெனைக்க வேணாம்.

3. மீன். பேத்தை, திருக்கை, மட்டவான் வகையறாவுக்கு ஓட்ட உடைக்கிற பல்லு இருக்கு. பேத்தைய யாரும் சாப்பிடறதில்லைங்கறதால அது பாட்டுக்கு இருக்கும், மத்ததெல்லாம் வலைல போயிடும்.

4. நண்டு. இதுதான் உண்மையான நம்பிக்கை. சேத்து நண்டு, அதாவது மார்க்கெட்ல கட்டிப்போட்டு உயிரோட விக்கிற பெரிய பச்சை நண்டு, உப்பு ஏறினாலும் எறங்கினாலும் தாங்கும், சேத்துலயே வீடு, ஆழி, மட்டி, சிப்பின்னு ஓடு போட்டதுதான் அதோட முக்கிய சாப்பாடு.

நண்டு எப்படி திங்குதுன்னு கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும், ஏன்னா மொத்த கணக்கும் அதுலதான் இருக்கு. ரெண்டு கொடுக்கும் ஒரே மாதிரி இல்ல. ஒண்ணு தடிமனா, உள்பக்கம் கடைவாய்ப்பல் மாதிரி மொட்டையா இருக்கும், அது நசுக்க. இன்னொண்ணு மெலிசா கூரா இருக்கும், அது வெட்ட, கிழிக்க. கொத்துல இருந்து ஒரு ஆழிய பிச்சு எடுக்கும், நார் அறுபடற வரைக்கும் இழுக்கும், அப்புறம் வாய்க்கு முன்னாடி திருப்பித் திருப்பி எடம் பாக்கும். சின்ன ஆழின்னா ஒரே அழுத்து, நொறுங்கிடும். கொஞ்சம் பெருசுன்னா விளிம்ப கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு உள்ள கொடுக்க விடும். ரொம்ப பெருசா இருந்தா முயற்சியே பண்ணாது, ஏன்னா கொடுக்கு உடைஞ்சா நண்டு பாடு அம்போ. இத பல நண்டு வகைல சோதனை பண்ணி பாத்திருக்காங்க: தன்னால உடைக்க முடிஞ்ச பெரிய சைஸ விட்டுட்டு அதுக்கும் சின்னதத்தான் தேர்ந்தெடுக்கும்.

காக்கா ஆழிக்கு ஓடு மெலிசு, சைஸும் பெருசில்ல, அதனால வளர்ந்த சேத்து நண்டுகிட்ட இருந்து எந்த சைஸ் ஆழியும் தப்பறது கஷ்டம். இது நமக்கு சாதகமான பாயின்ட், பெரிய சிப்பிங்க வந்த ஊர்ல இந்த வசதி இல்ல.

மத்த ஊர்ல நடந்தது

*நியூயார்க் ஹட்சன் ஆறு.* 1991ல வரிக்குதிரை ஆழின்னு சொல்ற வந்தேறி அங்க வந்துச்சு. நல்ல தண்ணி ஆழிதான், ஆனா கடல் ஏத்த இறக்கம் இருக்கிற ஆறுங்கறதால எண்ணூருக்கு கிட்டத்துல வச்சுப் பாக்கலாம். ரெண்டே வருஷத்துல மொத்த ஆத்துத் தண்ணியையும் சில நாளைக்கு ஒருக்கா வடிகட்டிற அளவு பெருகிடுச்சு, தண்ணில இருந்த நுண்பாசி நூத்துக்கு எண்பது பங்குக்கு மேல காலி. பத்து வருஷத்துக்கு மேல இப்படி ஓடின அப்புறம் மெல்ல மாறுச்சு. வளர்ந்த ஆழி ஒரு வருஷம் தாண்டி உயிரோட இருக்கிறதே அபூர்வமாச்சு. கூண்டு போட்டு மூடி வச்ச ஆழி பொழைக்குது, தொறந்து விட்டது காணாம போகுதுன்னு சோதனைல தெரிஞ்சுது, அங்க இருக்கிற உள்ளூர் நீல நண்டு முக்கியமான ஆள்னு முடிவு பண்ணாங்க. யாரும் நண்டு வாங்கி விடல, அதுவாத்தான் வந்துச்சு. இன்னொண்ணு, ஆழி ஒழியல, சின்ன சின்ன ஆழியா வருஷா வருஷம் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, பெருசாகத்தான் விடல. ஆனா பெருசாகாததாலயே வடிகட்டற அளவு கொறைஞ்சு, ஆத்துல மத்த ஜீவனுக்கு கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

*கலிஃபோர்னியா சான் டியாகோ.* கிழக்கு ஆசியால இருந்து வந்த, காக்கா ஆழி மாதிரியே பாய் விரிக்கிற ஒரு ஆழி அங்க மிஷன் விரிகுடாவுல. 1990கள்ல பண்ண சோதனைல உள்ளூர் ஓட்டை போடற நத்தை ஒண்ணு அத நல்லாவே கொறைக்குதுன்னு தெரிஞ்சுது. கூடவே இன்னொரு சங்கதி: கடல்புல் அடர்த்தியா இருந்த எடத்துல ஆழி சரியா வளரல, புல் அழிஞ்சு திட்டு திட்டா போன எடத்துல ஜோரா வளந்துச்சு. அதாவது எதிரி மட்டும் போதாது, எடமும் ஆரோக்கியமா இருக்கணும். எண்ணூருக்கு இந்த ரெண்டாவது பாடம்தான் எனக்கு முக்கியமா படுது.

*தென் ஆப்பிரிக்கா சல்டான்யா விரிகுடா.* "விட்டா தின்னுடும்"னு சொல்றவங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய கேஸ், வந்தேறி கதை இல்லன்னாலும். மார்கஸ், மால்கஸ்னு கிட்டக்கிட்ட ரெண்டு தீவு. மால்கஸ்ல சிங்கி எறா நெறைய, அது ஆழியையும் நத்தையையும் தின்னு கம்மியா வச்சிருந்துச்சு. மார்கஸ்ல சிங்கி இல்ல, ஆழியும் நத்தையும் குவிஞ்சு கிடந்துச்சு. ரெண்டு ஆராய்ச்சியாளருங்க மால்கஸ்ல இருந்து ஆயிரம் சிங்கிய அடையாளம் கட்டி மார்கஸ்ல கொண்டு போய் விட்டாங்க. சிங்கிக்கு விருந்துன்னு பாத்தா, நத்தைங்க நூத்துக்கணக்குல சிங்கி மேல ஏறி மொச்சு அதையே தின்னுடுச்சு. ஒரு வாரத்துல உயிரோட ஒரு சிங்கி கூட இல்ல. 1988ல இது சயன்ஸ் பத்திரிகைல வந்துச்சு. எண்ணிக்கைல கம்மியா, புது எடத்துல, பதுங்க எடம் தெரியாம கொண்டு விட்டா வேட்டையாடியே இரையாகிடும், இதுதான் அதுல நமக்கு விஷயம்.

விட்டா எவ்ளோ விடணும்

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், இது எண்ணூர்ல அளந்தது இல்ல, அளவு புரியறதுக்காக நானா வச்சுக்கிட்ட எண்ணுங்க. ஒரு சதுர மீட்டர்ல 2,000 ஆழின்னு வைங்க. ஒரு ஹெக்டேருக்கு 2 கோடி. ஒரு நண்டு ஒரு நாளைக்கு 20 ஆழி, லீவே போடாம வருஷம் முழுக்கன்னா 7,300. அப்ப ஒரு ஹெக்டேர ஒரு வருஷத்துல காலி பண்ண கிட்டத்தட்ட 2,740 நண்டு வேணும். ஆறடிக்கு ஆறடி சொச்சம் எடத்துக்கு ஒரு நண்டு.

இதுல மூணு ஓட்டை.

முதலாவது, சேத்து நண்ட அவ்ளோ நெருக்கமா விட்டா ஆழிய விட்டுட்டு ஒண்ணையொண்ணு தின்னும். நண்டுப் பண்ணை வச்சிருக்கிற யாரக் கேட்டாலும் இதத்தான் மொதல்ல சொல்வாங்க, சட்டை உரிச்ச நண்டு மெத்துனு இருக்கும், பக்கத்து நண்டுக்கு அது பலகாரம்.

ரெண்டாவது, வருஷம் பூரா புதுசா ஒரு ஆழி கூட வராதுன்னு கணக்கு போட்டிருக்கோம். நடக்காது. லார்வா வாரக்கணக்குல தண்ணில மிதந்து, ஏத்தத்தோட உள்ள வந்து, எறக்கத்தோட வெளிய போய், பக்கிங்காம் கால்வாய் வழியா பழவேற்காடு வரைக்கும் போய் வர்ற ஜீவன். எண்ணூர்ல ஒரு திட்டு காலியானா அந்த எடத்துக்கு வேற எடத்து லார்வா வரும்.

மூணாவது, நண்டுக்கு ஆழி மட்டும்தான் திங்கணும்னு உத்தரவு போட முடியாது. கண்ணு முன்னாடி சுலபமா எது நெறைய கிடைக்குதோ அத திங்கும். ஆழி கொறைஞ்சு வரும்போது ஆத்து மட்டியையும் நம்ம ஊர் சிப்பியையும் நோண்ட ஆரம்பிக்கும். ஆழியத் தின்னு கொழுத்து எண்ணிக்கை கூடின நண்டுப் படை கடைசில உள்ளூர் மட்டிய காலி பண்றதும் சூழலியல்ல தெரிஞ்ச ஆபத்துதான். நண்டு பண்ணக்கூடிய வேலை, ஏற்கனவே கொறைஞ்சிருக்கிற ஆழி திரும்ப பாய் விரிக்காம பாத்துக்கிறது. விரிச்ச பாய சுருட்டறது அதோட வேலை இல்ல.

எண்ணூர்ல நண்டே ஏன் கம்மி

இப்பதான் முக்கியமான எடத்துக்கு வரோம். சேத்து நண்டு எண்ணூர் ஆத்துக்கு புதுசில்ல, ஒரு காலத்துல அதுக்கு பேர்போன ஆறு. அது நல்லா இருந்திருந்தா காக்கா ஆழி வந்தப்பவே கொஞ்சமாவது தடுத்திருக்கும். ஏன் இல்ல?

நண்டுக் குஞ்சுக்கு அலையாத்தி வேரும் ஓரத்து சேறும் வேணும், அலையாத்தி பெரும்பாகம் போயிடுச்சு. அனல்மின் நிலையத்து சாம்பல் கசிஞ்சு ஆத்து அடில படிஞ்சு, ஆழம் கொறைஞ்சு, சேறு சிமென்ட் மாதிரி ஆன எடம் இருக்கு, அதுல நண்டு வளை தோண்ட முடியாது. சுடுதண்ணி வேற. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து ஆறு முழுக்க பரவினதும், அலையாத்தி வேரெல்லாம் தார் பூசின மாதிரி ஆனதும் எல்லாரும் போட்டோல பாத்ததுதான். காக்கா ஆழி இது எல்லாத்தையும் தாங்கும், அத திங்கிறது தாங்காது. எதிரிய நாமளே அடிச்சு போட்டுட்டு எதிரி எங்கன்னு தேடிக்கிட்டு இருக்கோம், பச்சையா சொன்னா அவ்ளோதான்.

இன்னொரு சிக்கல் சங்கடமானது. சேத்து நண்டு கிலோவுக்கு நல்ல விலை போற சரக்கு, ஏற்றுமதி வரைக்கும் போகுது. ஆழியால எறா போச்சுன்னு தவிக்கிற அதே மீனவருக்கு மிச்சமிருக்கிற வருமானம் அந்த நண்டுதான். நண்டு பெருகி ஆழிய தின்னணும்னா பெரிய நண்ட, குறிப்பா முட்டை நண்ட, ஆத்துல விட்டு வைக்கணும். பெட்டை நண்டு முட்டை போட கடலுக்குப் போகும், ஒரு தடவைக்கே லட்சக்கணக்குல முட்டை, முகத்துவாரத்துல வலைல மாட்டினா அத்தனையும் போச்சு. ஆனா எறாவும் இல்லாத காலத்துல நண்டயும் பிடிக்காதன்னா யாரு கேப்பா?

அப்புறம் உலோகம். ஆழி தண்ணிய வடிகட்டி சாப்பிடற ஜீவன், தண்ணில இருக்கிற காட்மியம், ஈயம் மாதிரி கனரக உலோகம் அது ஒடம்புல சேரும். அதனாலதான் 1970கள்ல இருந்து பல நாட்டுல கடல் மாசு எவ்ளோன்னு பாக்க ஆழியையே பிடிச்சு பரிசோதிக்கிறாங்க. சாம்பல் தண்ணியும் ஃபேக்டரி தண்ணியும் வர்ற ஆத்து ஆழிய நண்டு தின்னு, அந்த நண்ட நாம வாங்கி மிளகு போட்டு வறுத்தா, சங்கிலி நம்ம தட்டுல வந்து முடியும். டெஸ்ட் பண்ணாம "ஆழி தின்ன நண்டு, டபுள் லாபம்"னு பேசக்கூடாது. ஆழிய வாரி எடுத்து கோழித் தீவனம், நண்டுத் தீவனம் ஆக்கலாம்னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான்.

அப்ப மருந்து அடிச்சு ஒழிச்சா?

இதுவும் கேக்கறாங்க. 1999ல ஆஸ்திரேலியா டார்வின்ல கருவரி ஆழி வந்தப்ப (1967லயே நம்ம விசாகப்பட்டினத்துக்கு வந்த அதே ஆழி) மூணு படகுத்துறைய மூடி குளோரினும் மயில்துத்தமும் கொட்டி மொத்தமா ஒழிச்சாங்க, ஜெயிச்சாங்க. எப்படி? அங்க படகுத்துறைக்கு மதகுக் கதவு இருந்துச்சு, சாத்திட்டா தொட்டி. ஆழி வந்து சில மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சாங்க. உள்ள இருந்த மீன் உட்பட எல்லாம் சாகறத ஏத்துக்கிட்டாங்க. கொசஸ்தலைக்கு கதவு கிடையாது, ஆழி வந்து வருஷக்கணக்காச்சு. அந்த ரூட் இங்க செல்லாது.

எந்த வரிசைல செஞ்சா நண்டு உதவும்

1. மொதல்ல கையாலயோ மெஷினாலயோ பாய எடுத்தே ஆகணும். எடுத்தத கரையில காய வைக்கணும், ஆத்துலயே ஓரமா தள்ளினா நார் திரும்ப பிடிச்சுக்கும், செத்து அழுகினா தண்ணில ஆக்சிஜன் போயிடும். சேத்த எவ்ளோ ஆழம் சுரண்டறதுங்கறதும் கவனிக்கணும், மெஷின் ஆழமா வாரினா எறா வளையும் நண்டு வளையும் சேர்ந்து போகும், அதனால கையால எடுக்க தெரிஞ்ச ஊர் ஆளுங்களுக்கு கூலி கொடுத்து செய்யற பங்கு அதிகமா இருக்கணும்ங்கறது என் கருத்து.

2. எடுத்த எடத்துல சில சதுர மீட்டர கம்பி வலைக் கூண்டு போட்டு மூடி, பக்கத்துலயே அதே அளவு தொறந்து விட்டு, மாசா மாசம் எண்ணணும். கூண்டுக்குள்ள ஆழி நெறைய, வெளிய கம்மின்னா உள்ளூர் நண்டும் மீனும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா இருந்தா நம்ம ஆத்துல திங்க ஆளே இல்லன்னு அர்த்தம். செலவு கம்மி, பதில் தெளிவா வரும், இத பண்ணாம நண்டு வாங்கறது கண்ண மூடிக்கிட்டு காசு எறியற வேலை.

3. ஆளே இல்லன்னு தெரிஞ்சா அப்ப குஞ்சு விடறதப் பத்தி பேசலாம். சீர்காழி பக்கம் தொடுவாய்ல மத்திய அரசு நிறுவனத்தோட சேத்து நண்டு குஞ்சு பொரிப்பகம் இருக்கு, சென்னையிலயே உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஆள் பலத்துக்கும் அறிவுக்கும் குறை இல்ல. ஆனா பொட்டல் சேத்துல குஞ்ச கொட்டினா மார்கஸ் தீவு கதைதான், மீனும் கொக்கும் தின்னுட்டுப் போகும். அலையாத்தி ஓரம், பதுங்க எடம் பாத்து, கொஞ்சம் வளர்ந்த சைஸ்ல விடணும்.

4. சாம்பலும் சுடுதண்ணியும் நிக்காம மேல சொன்ன மூணும் தற்காலிகம்தான். இத நாலாவதா எழுதினாலும் மொதல்ல ஆரம்பிக்க வேண்டியது இதத்தான், ஏன்னா முடியறதுக்கு ரொம்ப நாள் பிடிக்கும்.

5. நண்ட விட்டு வைக்கறதுக்கு காசு. கிழக்குக் கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, அந்த நாளுக்கு அரசு நிவாரணம் கொடுக்குது. அந்த தடை இருக்கிறதே கடல்ல மீன் முட்டை போட்டு பெருகட்டும்னுதான். ஆத்துல முட்டை நண்ட பிடிச்சா திரும்ப விடணும், குறிப்பிட்ட மாசம் முகத்துவாரத்துல நண்டு வலை போடக்கூடாதுன்னு ஊர்க் கட்டுப்பாடு கொண்டு வரணும்னா அதே மாதிரி ஆத்து மீனவருக்கும், வலையே இல்லாம கையால எறா தடவற பொம்பளைங்களுக்கும் நிவாரணம் வேணும். ஆழிய எடுக்கற திட்ட அறிக்கை வெளிய வந்தா மெஷின் வாடகை எவ்ளோன்னு பாக்கறதுக்கு முன்னாடி இந்த நிவாரணம் அதுல இருக்கான்னு தேடிப் பாருங்க.